ஒருவருடைய செல் போதாது

பார்க்கின்சன் நோயாளியின் தோல் செல்லை ஆய்வகத்தில் நரம்பு செல்லாக மாற்றிவிட முடியும். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் சுண்டெலியிலும் மறு ஆண்டு மனிதரிலும் காட்டிய வழி இது. நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் முதிர்ந்த செல் ஸ்டெம் செல்லாகிவிடும். அதிலிருந்து நரம்போ இதயத் தசையோ வளர்க்கலாம். அப்படி வளர்த்ததை ஆரோக்கியமான ஒருவரின் செல்லோடு ஒப்பிடுகிறோம். வித்தியாசம் தெரிகிறது. அது நோயால் வந்ததா, இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால் வந்ததா?

இதைத் தீர்க்க ஒரு ஆள் போதாது, நூற்றுக்கணக்கானோர் வேண்டும். பிரிட்டனில் 2012-இல் தொடங்கிய ‘ஹிப்சை’ கூட்டுத் திட்டம் அதைத்தான் செய்தது. கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சேங்கர் நிறுவனம், லண்டன் கிங்ஸ் கல்லூரி, டண்டீ பல்கலைக்கழகம் முதலியவை கைகோத்தன.

தன்னார்வலரிடம் மிகச் சிறிய தோல் துணுக்கு எடுக்கப்படும். அதிலிருந்து வளரும் நார்ச்செல்களுக்குள் அந்த நான்கு மரபணுக்களையும் கொண்டுசேர்ப்பது சென்டாய் வைரஸ். இது நம் டிஎன்ஏவுக்குள் நுழைவதில்லை. செல் பிரியப் பிரிய நீர்த்து மறைந்துவிடும். மரபணு ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் அரிது.

2017-இல், இத்திட்டத்தில் 301 பேரிடமிருந்து உருவாக்கிய 711 செல் வரிசைகளை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஸ்டெம் செல் தொகுதிகளை, அலசிய முடிவு வெளியானது. அதுவரை ஆய்வகக் கைப்பக்குவத்தின் மீது போட்டுவந்த பழியில் கணிசமான பங்கு உண்மையில் ஆளுக்கு ஆள் மாறும் மரபணுவைச் சேர்ந்தது. அளந்த பண்பைப் பொறுத்து, மொத்த வேறுபாட்டில் 5 முதல் 46 சதவீதம் வரை ‘யாருடைய செல்’ என்பதால் வந்தது.

அடுத்து வந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. பலருடைய செல்களை ஒரே தட்டில் கலந்தே வளர்த்தார்கள். ஊட்டக் கரைசலும் வெப்பமும் கையாளும் விதமும் எல்லாச் செல்லுக்கும் ஒன்றே. பிறகு ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனித்தனியே படித்தால், அதிலுள்ள எழுத்து மாற்றங்களே உரியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி 215 வரிசைகளை டோபமின் சுரக்கும் நரம்பு செல்களை நோக்கி வளர்த்த ஆய்வு 2021-இல் வந்தது.

2022-இல் வந்த செய்தி எச்சரிக்கை. ஹிப்சை செல்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, தோலிலிருந்து உருவான வரிசைகளில் ஏறக்குறைய 72 சதவீதத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் ஏற்படுத்திய சேதம் இருந்தது. ஸ்டெம் செல்லானாலும் அந்த வடு அழியவில்லை. ரத்தத்திலிருந்து எடுத்தவற்றில் வெயில் சேதம் இல்லை. ஆனால் கால்வாசிக்கும் சற்று அதிகமானவற்றில் ‘பிகோர்’ என்ற மரபணு பழுதாகியிருந்தது. இத்தகைய செல்களைச் சிகிச்சைக்காக ஒருவர் உடலில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு வரிசையின் மரபணுத் தொகுதியையும் முழுமையாகப் படித்தாக வேண்டும்.