மனசுல தோணுறதை அப்பவே வாசிக்கிற கிடார்



இந்த மாசம் சுவரிதழில் இசை பற்றி எழுதித் தரச் சொன்னார் தமிழ் ஐயா. நிறைய பேர் சினிமாப் பாட்டு பற்றித்தான் எழுதுவீங்க என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வேற ஒருத்தரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் டெரெக் பெய்லி. இங்கிலாந்து நாட்டுக் கிடார் கலைஞர்.

ஒலி பாடம் நடத்தும்போது அறிவியல் டீச்சர் கம்ப்யூட்டரில் அவர் வாசித்ததைப் போட்டார். "டொய்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் "கிண் கிண்" என்று மணி மாதிரி ஒரு சத்தம். தாளமும் இல்லை, மெட்டும் இல்லை. "டீச்சர், இவர் எப்ப வாசிக்க ஆரம்பிப்பார்?" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். டீச்சர் கோபப்படவில்லை. "வாசிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கார்" என்றார்.

யார் இவர்?

பெய்லி 1930-ல் ஷெஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அது இரும்பு, கத்தி, கரண்டிக்குப் பேர் போன ஊர். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதே, அந்தத் துருப்பிடிக்காத எஃகை 1913-ல் ஹாரி பிரியர்லி உருவாக்கியதும் அங்கேதான்.

பெய்லி முதலில் வயிற்றுப்பாட்டுக்காக நடன அரங்குகளிலும் ரேடியோவிலும் வாசித்தார். அங்கே என்ன சொல்கிறார்களோ அதைத்தான் வாசிக்க வேண்டும். 1963-ல் அவருக்கு வயது 33. அப்போது டோனி ஆக்ஸ்லி, கேவின் பிரையர்ஸ் என்ற இரண்டு பேரோடு சேர்ந்து ஷெஃபீல்டில் ஒரு குழு தொடங்கினார். முதலில் ஜாஸ் என்ற இசையைத்தான் வாசித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தை விட்டார்கள். பிறகு மெட்டையும் விட்டார்கள். கடைசியில் எதையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல், அந்த நேரத்தில் தோன்றுவதையே வாசித்தார்கள்.

1966-ல் பெய்லி லண்டன் போனார். பிறகு தனியாகவே மேடையில் உட்கார்ந்து இப்படி வாசிக்கத் தொடங்கினார். 1971-ல் தனிக் கிடார் இசைத்தட்டு வந்தது. 1980-ல் கரண்ட் இல்லாத மரக் கிடாரில் பாரிசிலும் லண்டனிலும் தனியாக வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்டார்கள்.

நம்ம ஊரில் இது இல்லையா?

இருக்கிறதே! கோயில் திருவிழாவில் நாயனக்காரர் ராக ஆலாபனை செய்யும்போது யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கு மனோதர்மம் என்று பெயர். எங்க ஆயா ஒப்பாரி பாடும்போதும் செத்தவங்க பேரு, ஊரு, குணம் எல்லாம் அந்த இடத்திலேயே கோத்துப் பாடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாயனக்காரருக்கு ராகம் என்ற வேலி இருக்கிறது. ஆயாவுக்கு ஒப்பாரி ராகம் இருக்கிறது. வேலிக்குள்ளே எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பெய்லி, வேலியே இல்லாமல் ஓட முடியுமா என்று பார்த்தார். இந்த இரண்டு வகை பற்றியும் 1980-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் நம் இந்திய இசை பற்றியும் எழுதியிருக்கிறார்.

வேலி இல்லை என்றால் சுலபம் என்று நினைக்காதீங்க. விரல் எப்பவும் பழகின இடத்துக்கே போகும். நாலு பேர் சேர்ந்து வாசித்தால் ஒருத்தர் கேட்க ஒருத்தர் பதில் சொல்லலாம். தனியாக வாசித்தால் கேள்வி கேட்பதும் நாம்தான், பதில் சொல்வதும் நாம்தான். அதனால்தான் நடுநடுவே அவர் சும்மா இருந்தார். அடுத்தது என்ன என்று அவரே காது கொடுத்துக் கேட்கிறார்!

அந்த "கிண்" சத்தம் எப்படி வருகிறது?

கிடாரில் 6 கம்பிகள். ஐந்தாவது கம்பியை அப்படியே மீட்டினால் நொடிக்கு 110 தடவை அதிரும். கம்பியின் சரிபாதியில், அதாவது 12-வது மெட்டுக்கு நேரே, அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்ட வேண்டும். கம்பி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிரும். அப்போது 220 வரும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் 330. அதுதான் மணி மாதிரி கேட்கிறது. கம்பி மட்டும் அதிர்ந்தால் சத்தம் கொஞ்சம்தான் வரும். கீழே உள்ள மரப்பெட்டியும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதால்தான் நமக்கு நன்றாகக் கேட்கிறது.

கை மரத்துப் போனபோது

கடைசிக் காலத்தில் பெய்லி ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் இருந்தார். அப்போது அவருடைய வலது கையால், கம்பியை மீட்டுகிற பிக் என்ற சின்ன வில்லையைப் பிடிக்க முடியாமல் போனது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற கார்பல் டனல் என்ற நோய் என்றார்கள். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு பட்டைக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது. அதற்குள்ளே போகும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப் போகும்.

அவர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டப் புதுசாகக் கற்றுக்கொண்டார். 3 வாரம் கழித்து, 5 வாரம், 7 வாரம், 9 வாரம், 12 வாரம் கழித்து என்று ஒவ்வொரு தடவையும் பதிவு செய்தார். 2005-ல் அது வெளிவந்தது. தடுமாறுவதைக்கூட அவர் மறைக்கவில்லை. வயது 75!

டீச்சர் இதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. எங்க அம்மா பீடி சுத்துறாங்க. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறுவாங்க. அதே மூணு விரல். "ஒண்ணுமில்லடி, நீ தூங்கு" என்பாங்க. அன்றைக்குச் சாயங்காலம் அம்மாகிட்ட பெய்லி கதையைச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவருக்குக் கை சரியாச்சா?"

சரியாகவில்லை. அது நரம்பையும் தசையையும் மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும் வேற நோய் என்று பின்னால்தான் தெரிந்தது. 2005 டிசம்பர் 25-ல் லண்டனில் இறந்துபோனார். இதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப எனக்கு என்னன்னு நாமளா எப்படிச் சொல்ல முடியும்? டாக்டர்தான சொல்லணும்" என்றேன். சனிக்கிழமை வர்றேன் என்று அம்மா ஒத்துக்கிட்டாங்க.

தோழிகளே, உங்க வீட்டிலும் பீடி, தறி, தையல் என்று கைவேலை செய்கிறவங்க இருப்பாங்க. கை மரத்துப் போகுதா என்று கேளுங்க. பெய்லியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஆபரேஷன் வேண்டாம் என்றதை அல்ல. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் வாசிக்கலாம் என்பதைத்தான்.

சும்மா இருக்கிற நேரத்தில் அவர் வாசித்ததை ஒரு தடவை கேளுங்க. முதலில் சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரித்துவிட்டு மறுபடியும் கேளுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி