கல்யாண போட்டோகிராபர்: மூன்று கொட்டேஷனும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

அக்கா பெண்ணுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். மண்டபம் மயிலாப்பூரில். சமையல், நாதஸ்வரம், புரோகிதர் எல்லாம் அத்திம்பேர் பொறுப்பு. போட்டோ மட்டும் என் தலையில் விழுந்தது. "நீதான் எதையும் நோண்டி நோண்டிப் படிப்பியே, இதையும் பாத்துச் சொல்லுடா" என்றாள் அக்கா. மூன்று வாரம் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முந்தைய நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். இதற்கு வந்த மூன்று கொட்டேஷன்கள்: ரூ. 65,000, ரூ. 1,40,000, ரூ. 3,10,000. ஒரே கல்யாணத்துக்கு ஐந்து மடங்கு வித்தியாசம் எப்படி வரும்?

ஆபீஸில் ப்ராஜெக்ட்டுக்கு மேன்-டே கணக்குப் போடுவோம். அதையே இங்கும் போட்டேன். ஒரு ஆள் ஒரு நிகழ்ச்சிக்கு வந்தால் ஒரு 'வேளை'. ஆல்பத்தின் விலையைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கழித்துவிட வேண்டும். கேட்டால் சொல்கிறார்கள்.

முதல் ஸ்டுடியோ: ஸ்டில் ஒருவர், வீடியோ ஒருவர். இரண்டு நிகழ்ச்சிக்கு 4 வேளை. ஆல்பம் 15,000 போக மீதி 50,000. வேளைக்கு ரூ. 12,500.

இரண்டாவது: ட்ரெடிஷனலுக்கு இருவர், கேண்டிட் ஸ்டில் ஒருவர், கேண்டிட் வீடியோ ஒருவர். 8 வேளை. ஆல்பங்கள் 36,000 போக மீதி 1,04,000. வேளைக்கு ரூ. 13,000.

மூன்றாவது: ஐந்து பேர், ஒரு ட்ரோன், கூடவே எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் முன்னால் இருவர் வந்து எடுக்கும் ப்ரீ-வெட்டிங் ஷூட். 12 வேளை. ஆல்பம் 40,000 போக 2,70,000. வேளைக்கு ரூ. 22,500.

முதலாவதும் இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒரே விலை! இரண்டாவதில் ஆட்கள்தான் அதிகம். ஆக, 'மலிவு', 'காஸ்ட்லி' என்று நினைத்தது பாதி ஆள் கணக்கு. மூன்றாவதில்தான் பெயருக்கும் திறமைக்கும் கூடுதல் விலை. கூரை போட்ட மண்டபத்தில் ட்ரோன் எதற்கு என்பது தனிக் கேள்வி. இன்னொன்று: பின்னிரண்டு கொட்டேஷன்களிலும் ஜி.எஸ்.டி. சேரவில்லை. 18 சதவீதம். 1,40,000 என்பது 1,65,200 ஆகிவிடும். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஸ்டுடியோக்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, அவர்கள் பில்லில் இது இருக்காது.

அடுத்து, நான் கேட்கத் தெரியாமல் கேட்டு, பிறகு முக்கியம் என்று புரிந்துகொண்ட கேள்வி: "சார், எங்க கல்யாணத்துக்கு யார் வருவாங்க?" ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்த நாட்கள் கொஞ்சம்தான். ஊரில் பாதிக் கல்யாணம் ஒரே நாளில் நடக்கும். பெயர் பெற்ற ஒருவர் அன்றைக்கு இரண்டு, மூன்று ஆர்டர் எடுத்துவிட்டு, ஒன்றுக்குத் தான் போய், மற்றதற்கு வெளியாட்களை அனுப்புவார். அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்து மயங்கிய படத்தை எடுத்தவர் வேறு, உங்கள் மேடையில் நிற்கப்போகிறவர் வேறு. வருகிறவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் மொத்த போல்டரையும் காட்டச் சொல்லுங்கள். பொறுக்கியெடுத்த இருபது படம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். நம் மண்டபத்தில் ஹோமப் புகை உண்டு, மஞ்சள் விளக்கு உண்டு, பின்னால் எல்.இ.டி. திரை உண்டு. தாலி கட்டுவது சில நொடிதான். அந்த நேரம் பார்த்து அட்சதையும் கையுமாக எல்லோரும் எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள், செல்போன்கள் வேறு. அதிலும் அவர் என்ன எடுத்திருக்கிறார் என்பதுதான் பரீட்சை.

மூன்றாவது விஷயம், பைல்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

என் கல்யாணம் 2006-ல். ஒரு ஆல்பமும் இரண்டு சி.டி.யும் கொடுத்தார்கள். ஆல்பத்தை நாலு தடவை பார்த்திருப்போம். சி.டி. பீரோவில் தூங்கியது. 2019-ல் அப்பா தவறிப்போனார். மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் தேடினோம். ஆதார் கார்டில் இருப்பது அப்பாவே இல்லை. அவர் வாய்விட்டுச் சிரித்து எடுத்த படம் என் கல்யாணத்தில்தான் இருந்தது. சி.டி. ஓடவில்லை, இரண்டும். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செருப்புக் கடை. ஆல்பத்தில் அந்தப் படத்தை டிசைனர் பூ பார்டருக்குள் அடக்கி, அப்பாவின் ஒரு தோளை வெட்டியிருந்தார். அதையே ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். இன்றும் ஹாலில் அந்தப் படம்தான்.

ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைய கணக்கைப் பாருங்கள். ஒரு ரா பைல் 30 எம்.பி. என்றால் 4,000 படத்துக்கு 120 ஜி.பி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜி.பி. வருடத்துக்கு ஐம்பது கல்யாணம் எடுப்பவர் இதையெல்லாம் எத்தனை வருடம் வைத்திருப்பார்? காப்பது நம் வேலை. இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல், ஒன்று வேறு வீட்டில், இன்னொரு நகல் கிளவுடில். கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறாரா என்றும் கேளுங்கள்.

சட்டமும் நம் பக்கம்தான். 1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரைக்கும் என்று ஒரு நிபந்தனை உண்டு. நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் 'உரிமை ஸ்டுடியோவுக்கே' என்ற வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் போச்சு. உரிமை நம்முடையது என்றாலும் பைல்கள் தானாகக் கைக்கு வந்துவிடாது. எடிட் செய்தது, செய்யாதது எல்லாம் இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும். கடைசித் தவணையை பைல்கள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

நாங்கள் இரண்டாவது ஸ்டுடியோவை எடுத்தோம். ஒரு ஆல்பத்தைக் குறைத்து, அந்தக் காசில் ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று.

செலவே இல்லாத வேலை ஒன்று பாக்கி. எழுபது வயதைத் தாண்டிய உறவுக்காரர்கள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதியிருக்கிறேன். பதினொரு பேர். என் பையன் அன்றைக்கு போட்டோகிராபர் கூடவே சுற்றி, ஒவ்வொருவரையும் கைகாட்ட வேண்டும். மேடையில் வரிசையில் நிற்கும்போது வேண்டாம், அவர்கள் யாருடனாவது பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது. பட்டியலில் முதல் பெயர் அம்மா.