முரட்டு நாய்க்கு எந்தப் பட்டை?

இழுத்தால் நிற்கணும், கழுத்து நெரியக் கூடாது! வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கீழ்பென்னாத்தூர்,-

“ஏம்பா, பெரிய நாயிக்கு ஒரு சங்கிலி குடு!”

“எவ்ளோ பெருசுணா?”

“கன்னுக்குட்டி மாதிரி இருக்கும்பா. ஆளையே இழுத்துக்கினு ஓடுது. நல்லா கெட்டியா குடு!”

கயிறு, சங்கிலி விற்கும் கடைகளில் சகஜமாக நடக்கும் பேச்சு இது.

கடைக்காரரும் இருப்பதிலேயே கனமான சங்கிலியை எடுத்துப் போடுவார். வாங்கியவரும் வீட்டுக்குப் போய் மாட்டி விடுவார். ஒரு வாரம் போனால் நாய் இழுப்பது குறைந்திருக்குமா? குறைந்திருக்காது. முன்னைவிட அதிகமாக இழுக்கும்!

காரணம் எளிது. கெட்டியான சங்கிலி, நாய் அறுத்துக்கொண்டு ஓடாமல் தடுக்கும். இழுக்காமல் நடக்கச் சொல்லித் தராது. கட்டிப் போடுவது வேறு, பழக்குவது வேறு.

திருவண்ணாமலை - திண்டிவனம் சாலையில் உள்ள தாலுகா ஊர் கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் கழனி, கொல்லை, மோட்டார் கொட்டகை. காவலுக்கு நாய் இல்லாமல் முடியாது. நாட்டு நாயோடு ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களும் உண்டு. அல்சேஷன், ராட்வீலர் வளர்ப்பவர்களும் உண்டு.

ராஜபாளையம் ஆண் நாய் தோள் வரைக்கும் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். அல்சேஷன் ஆண் நாய் 30 முதல் 40 கிலோ எடை. ராட்வீலர் 50 கிலோவையும் தொடும். அதாவது, ஒரு சிமெண்டு மூட்டை நாலு காலில் பாய்வது மாதிரி! ஒரு பெண்ணோ, பள்ளிக்கூடப் பையனோ பிடித்திருந்தால் என்ன ஆகும்?

சென்னையில் நடந்தது

2024-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. கயிற்றில் பிடிக்காமல் விடப்பட்டிருந்த நாய்கள் அவை. பூங்காக் காவலாளியின் மகளான அந்தக் குழந்தைக்குத் தலையில் பலத்த காயம். நாய்களின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார்.

“நம்ம நாய் யாரையும் கடிக்காதுங்க” என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் சட்டம் அதைக் கேட்காது. வளர்க்கும் பிராணியால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் இந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

அதற்காகக் கழுத்தை நெரித்தும் வைக்கக் கூடாது. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றமே. முதல் தடவை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்தான். ஆனாலும் குற்றம் குற்றந்தான்!

கடையில் என்னென்ன?

பெரிய நாய்க்கு என்று விற்கப்படும் பட்டைகள் பல ரகம். ஒவ்வொன்றின் குணமும் வருமாறு:-

சாதாரணப் பட்டை: தோலிலோ நைலானிலோ செய்தது, பக்கிள் வைத்தது. பெயர், போன் நம்பர் தொங்கவிட இதுவே போதும். பெரிய நாய்க்கு ஒரு அங்குல அகலத்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும். பட்டை குறுகினால் இழுக்கும்போது கயிறு மாதிரி கழுத்தில் பதியும். அகலமாக இருந்தால் பாரம் பரவும்.

நெரிப்புச் சங்கிலி: இரண்டு முனையிலும் வளையம். ஒரு வளையத்துக்குள் சங்கிலியை நுழைத்தால் சுருக்கு. இழுக்க இழுக்க இறுகும்; எல்லையே கிடையாது. 1910-ல் ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் எழுதிய கையேடும், 1962-ல் அமெரிக்காவில் வில்லியம் கோலர் எழுதிய புத்தகமும் சுண்டி இழுத்துப் பழக்கும் முறையைப் பரப்பின. தப்பு செய்தால் கழுத்தில் ஒரு சுண்டு. உடனே விட்டுவிட வேண்டும். அந்த ‘உடனே விடுவது’தான் பலருக்குக் கை வராது. தப்பான பக்கம் மாட்டினால் இறுகிய சுருக்கு தளரவே தளராது.

இந்தச் சங்கிலியோடு நாயைக் கொல்லையில் கட்டிப் போட்டுவிட்டுப் போவது ஆபத்து. வேலி முள்ளிலோ, மரக்கட்டையிலோ வளையம் மாட்டினால் நாய் திமிறும். திமிறத் திமிற இறுகும். ஆள் வந்து பார்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

முள் பட்டை: உள்பக்கம் கம்பி முனைகள் குத்தும். மலைநாட்டில் ஆடு மேய்க்கும் நாய்களுக்கும் முள் பட்டை போடுவது உண்டு. ஆனால் அங்கே முள் வெளிப்பக்கம் இருக்கும். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க அந்த ஏற்பாடு! உள்ளே குத்தும் பட்டை அப்படி அல்ல. வலிக்கும் வேளையில் எதிரே ஒரு குழந்தை வந்தால், “இந்தக் குழந்தையால்தான் வலிக்கிறது” என்று நாய் நினைத்துக்கொள்ளும். அடுத்த தடவை குழந்தையைப் பார்த்தாலே உறுமும். ஜெர்மனியில் 2022 முதல் முள் பட்டை வைத்துப் பழக்கத் தடை இருக்கிறது.

ஷாக் பட்டை: ரிமோட்டை அமுக்கினால் கழுத்தில் மின்சாரம் சுருக்கென்று பாயும். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் பகுதியில் 2010-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். பயத்தில் நாய் யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது.

நழுவாத பட்டை

பாதி நெரிப்புப் பட்டை: ‘மார்ட்டிங்கேல்’ என்று கேட்டு வாங்க வேண்டும். இழுத்தால் கொஞ்சம் இறுகும். ஒரு அளவோடு நின்றுவிடும். கழுத்து நெரியாது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டை போட்டால், பட்டாசுச் சத்தத்துக்குப் பின்வாங்கும்போது தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். பாதி நெரிப்புப் பட்டையிலிருந்து அப்படி நழுவ முடியாது.

மார்புப் பட்டை: ‘ஹார்னஸ்’ என்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி மாடு நுகத்தடியில் பாரம் விழுந்தால் முழு பலத்தோடு இழுக்கும் அல்லவா? முதுகில் வளையம் உள்ள ஹார்னஸும் அதே கதைதான். நாய்க்கு இழுக்கச் சவுகரியம்! வளையம் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது இழுத்தால் நாயின் உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். முன்னால் பாய முடியாது. கழுத்தில் பாரமும் விழாது.

முகப் பட்டை: மூக்கைச் சுற்றி ஒரு வார், காதுக்குப் பின்னால் ஒரு வார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, குதிரைக்கு லகான் மாதிரி. ஆனால் மூக்கில் துளை போடுவது இல்லை. தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். மெலிந்தவர்கள் பெரிய நாயைப் பிடிக்க இது உதவும். முதல் நாள் நாய் காலால் பிறாண்டும். தின்பண்டம் கொடுத்துக் கொடுத்துப் பல நாளில் பழக்க வேண்டும். சுண்டி இழுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இது வாய்ப்பூட்டு அல்ல. இதோடு நாய் கடிக்க முடியும்.

கண்ணுக்கும் கேடு

“கழுத்துதானே, என்ன ஆயிடப் போவுது?” என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சுக்குழாய், தைராய்டு சுரப்பி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கழுத்துப் பட்டையோடு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, மார்புப் பட்டையில் அப்படி ஏறவில்லை என்று 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொல்கிறது.

அளவு எப்படி?

டெய்லர் டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. மாட்டிய பிறகு பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தளர்த்தி. ஒரு விரலும் நுழையாவிட்டால் இறுக்கம்.

வளையம் வெல்டு வைத்ததா, வெறுமனே வளைத்து விட்டதா என்று பார்க்க வேண்டும். வளைத்தது பெரிய நாய் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் வாயைப் பிளக்கும். பிளாஸ்டிக் கிளிப்பைவிட இரும்பு அல்லது பித்தளைப் பக்கிள் நம்பிக்கை.

குட்டிக்குப் போட்ட பட்டையை வாரம் ஒரு தடவை தளர்த்திப் பார்க்க வேண்டும். குட்டி வளரும்; பட்டை வளராது! குட்டியில் கட்டிய கயிறு சதைக்குள் புதைந்து, புண்ணாகி, புழு வைத்த நாய்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருவது உண்டு.

பிடிகயிறு 4 முதல் 6 அடி இருந்தால் போதும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் பாய்ந்தால் விரல் முறியும், ஆளும் விழுவார்.

நின்றால் நிற்கும்!

எந்தப் பட்டை வாங்கினாலும் பழக்கும் வழி ஒன்றுதான். நாய் இழுத்ததும் பிடிப்பவர் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும். திட்டவோ, சுண்டவோ வேண்டாம். கயிறு தளர்ந்த அந்த நொடியில் ஒரு துண்டு தின்பண்டம், பிறகு நடை. “இழுத்தால் போக முடியாது, இழுக்காவிட்டால் போகலாம்” என்று நாய்க்குத் தானாகப் புரியும்.

காலையில் 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம் போதும். தார் ரோடு கொதிக்கிற உச்சி வெயிலில் வேண்டாம். முதலில் ஆள் இல்லாத கொல்லைப் பக்கம், பிறகு தெரு, கடைசியில்தான் பஸ் நிலையம், கடைத்தெரு. பவுர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்துக்குள் பழகாத நாயை அழைத்துப் போகவே கூடாது.

முன்பு யாரையாவது கடித்த நாய் என்றால், பட்டையோடு வாய்ப்பூட்டும் போட்டே வெளியே கூட்டிப்போக வேண்டும். நாய் வாயைத் திறந்து இரைக்க இடம் இருக்கும் கூடை மாதிரியான பூட்டு நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடம் தவறாமல் போட வேண்டும்.

அதையும் மீறிக் கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது.