அடுமனையில் ஒரு மறுவாழ்வு

அமெரிக்க நாட்டின் வடமேற்கில் உள்ள சியாட்டில் நகரில் 2008ஆம் ஆண்டு ஒரு பீட்சா உணவகம் தோன்றியது. 'மாட் பீட்சா' என்பது அதன் பெயர். 'கேட்டவாறு செய்து தரப்படுவது' என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே 'மாட்' என்றாயின. அதனை நிறுவியோர் ஸ்காட் ஸ்வென்சன், ஆலி ஸ்வென்சன் என்னும் கணவன் மனைவியர். இவர்கள் முன்னர் இலண்டன் மாநகரில் காப்பிக் கடைகள் பல நடத்தி, 1998இல் அவற்றை ஸ்டார்பக்ஸ் நிறுவனத்திற்கு விற்றவர்கள். பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்கர் பலர் வேலையிழந்து நின்ற காலத்தில் இவர்தம் புதுமுயற்சி தொடங்கியது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இத்தகைய உணவகங்களை 'ஃபாஸ்ட் கேஷுவல்' என வணிகர் வழங்குவர். முன்பே செய்து அடுக்கிவைத்த உணவை விற்கும் விரைவுணவகத்திற்கும், பணியாளர் மேசைக்கு வந்து பரிமாறும் உணவுவிடுதிக்கும் இடைப்பட்டவை இவை. உண்பவர் வரிசையில் நின்று, கண்ணாடித் தடுப்பிற்கு அப்பால் வைக்கப்பட்டுள்ள காய்கறி, பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகியவற்றுள் வேண்டியவற்றைச் சுட்டிக்காட்டுவார். அவர் கண்முன்னரே பீட்சா உருப்பெறும். சேர்க்கப்படும் பொருள்கள் இரண்டாயினும் பத்தாயினும் விலை ஒன்றே என்பது மாட் நிறுவனத்தின் சிறப்பாக விளங்கியது.

இவ்விரைவு எங்ஙனம் இயல்கிறது? ஒருவர் உண்ணும் அளவாகிய 11 அங்குல விட்டமுடைய மாவுவட்டு மெல்லியதாகத் தட்டப்படுகிறது. அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 425 பாகை செல்சியசு. மாவு மெல்லியதாதலால் வெப்பம் விரைந்து ஊடுருவ, சுமார் மூன்று நிமிடங்களில் அது வெந்துவிடுகிறது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவும் மிகு வெப்பத்தில் விரைந்து வேவதே. ஆயினும் அங்கு மாவைக் கையால் விரித்தெடுப்பது பல்லாண்டுப் பயிற்சியால் வரும் கலை. அக்கலையை 2017இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சியாட்டில் உணவகத்திலோ அத்தொழில் சிறு சிறு பணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் மாவைத் தட்டுவார். ஒருவர் பொருள்களைத் தூவுவார். ஒருவர் அடுப்பைக் காப்பார். முன் அனுபவம் இல்லாதவரும் விரைவில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள் இவை.

கதவு திறந்தது இவ்விடத்திற்றான். சிறையிலிருந்து மீண்டோர், போதைப் பழக்கத்திலிருந்து விடுபட முயல்வோர் முதலியோரை அந்நிறுவனம் வெளிப்படையாகவே பணிக்கு ஏற்றது. அமெரிக்காவில் வேலைக்கான விண்ணப்பத்தாளில், குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என வினவும் சிறு கட்டம் ஒன்று இருப்பது நெடுங்கால வழக்கம். அதில் 'ஆம்' எனக் குறியிட்டோரின் தாள் மேலும் படிக்கப்படாமலே ஒதுக்கப்படுவதுண்டு. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் தண்டனை முடியாத நிலை அது. விண்ணப்பித்தவர் தகுதியுடையவரா என ஆராயும் முன்னர் இவ்வினாவை எழுப்பலாகாதென வாஷிங்டன் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றியது. சட்டம் வருமுன்னரே அக்கட்டத்தைக் கடந்து மனிதரைக் காண முற்பட்டதே அவ்வுணவகத்தின் பெருமை எனலாம்.

தவ்பாவின் வாயில் அடைபடுவதில்லை என நம்பும் நம் சமுதாயத்திற்கு இச்செய்தி அயலானதன்று. இறைவனிடம் மன்னிப்பு உண்டென்று கூறும் நாம், திருந்தி வந்தவனுக்கு நம் கடையில் ஒரு வேலை தருகிறோமா என்னும் வினாவை நம்மை நோக்கியே எழுப்பிக்கொள்ளல் வேண்டும். அங்குச் செல்லும் நம் மாணவர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். 'பெப்பரோனி' எனப்படும் இறைச்சித்துண்டு அமெரிக்காவில் பெரும்பாலும் பன்றியிறைச்சி கலந்தது. ஒரே வரிசையில் எல்லாம் கையாளப்படுவதால், கேட்டறிந்து உண்பதே முறை.

நல்லெண்ணம் இருப்பின் வணிகம் தானே செழிக்கும் என்று எண்ணிவிடவும் இயலாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கிளைகளாக வளர்ந்த அந்நிறுவனம் 2024இல் பல கிளைகளை மூடியது. அவ்வாண்டு ஜூலையில் எலைட் ரெஸ்டாரண்ட் குழுமத்திற்கு விற்கப்பட்டது. எளிதிற் கற்கத்தக்க தொழில் எளிதிற் பின்பற்றத்தக்கதுமாகும். 2011இல் பையாலஜி, 2012இல் பிளேஸ் பீட்சா என ஒத்த உணவகங்கள் கலிபோர்னியாவில் எழுந்து போட்டியிட்டன. எத்தனை பொருள் சேர்த்தாலும் ஒரே விலை என்னும் வாக்குறுதி, பண்டங்களின் விலையும் கூலியும் ஏறும் காலத்தில் பெருஞ்சுமையாகும். மெல்லிய பீட்சா வீடு சென்று சேருமுன் ஆறிவிடுதலும் ஒரு குறையே.

கிளைகள் மூடப்பட்டபோது, பணியாளர் சிலர் மீண்டும் வேலை தேடும் நிலைக்கு ஆளாயினர். ஆயினும் இம்முறை அவர்தம் விண்ணப்பத்தாளில் குறியிட்ட கட்டத்தோடு, உழைத்த ஆண்டுகளும் இடம்பெற்றிருக்கும். அடுத்து அத்தாளைக் கையில் வாங்குவோர் எதனை முதலிற் காண்பர் என்பதே வினா. நம்மிடம் அத்தகைய தாள் வரும் நாளில் நாம் எதனைக் காணப்போகிறோம் என்பதை இன்றே எண்ணிப்பார்த்தல் நன்று.