பாரதி பாட்டுக்குப் பூட்டு!

பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டா? உண்டு. நிலம், வீடு போலப் பாட்டையும் விற்கலாம், வாங்கலாம்.

பாரதியார் 1921-ல் காலமானார். மனைவி செல்லம்மாளுக்கு மிஞ்சிய சொத்து, அவர் எழுதிய எழுத்துதான். குடும்பத்திலோ கஷ்டம். புத்தகம் போடும் உரிமை, பாரதியாரின் தம்பி விசுவநாதன் கைக்குப் போயிற்று.

இசைத்தட்டு உரிமை தனியே விலை போயிற்று. அதை ஒரு வியாபாரி வாங்கினார். அவரிடமிருந்து ஏவி.மெய்யப்ப செட்டியார் வாங்கினார்.

1947-ல் செட்டியாரின் "நாம் இருவர்" படம் வந்தது. டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தன.

மறு ஆண்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் "பில்ஹணன்" படத்திலும் பாரதி பாட்டு! செட்டியார் தரப்பு ஆட்சேபித்தது.

நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டைப் பாட, ஒரு தனி மனிதரிடம் அனுமதி கேட்பதா? எழுத்தாளர்கள் கொதித்தார்கள். செட்டியாரையும் குறை சொல்வதற்கில்லை. காசு கொடுத்து வாங்கியவர் அல்லவா!

1949-ல், ஓமந்தூரார் ஆட்சியில், உரிமையைச் சர்க்காரே ஏற்க முடிவாயிற்று. செட்டியார் ஒரு காசும் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். விசுவநாதனுக்கு ரூ.15 ஆயிரம்; செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா ரூ.5 ஆயிரம் கிடைத்தது. பாட்டு எழுதியவரின் மனைவிக்கு, தம்பிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான்!

1955-ல் பாட்டுகள் பொதுச் சொத்தாயின. யாரும் பாடலாம், அச்சிடலாம். அன்றைய சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு, அதாவது 1971 வரை காத்திருக்க வேண்டும். இப்போதைய சட்டத்தில் அது 60 ஆண்டு.