சோதனை நின்ற கணினியும் சோர்ந்த வன்தட்டும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்துள்ள விவசாயக் கிராமம் விசுவமடு. 2009ஆம் ஆண்டின் இடம்பெயர்வில் காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் இழந்த வன்னிக் குடும்பங்கள் பல. உறவினரிடமிருந்து மீளப் பெற்ற படங்களும் பத்திரப் பிரதிகளும் வீட்டுக் கணினியில் இருக்குமாயின், அதன் வன்தட்டே அவ்வீட்டின் பெட்டகமாகும். ஆதலின் வைரஸ் சோதனை இடையில் நின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது என அறிந்திருத்தல் நன்று.

வைரஸ் என்பது தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் நிரல். ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளைப் பற்றிய முதல் வைரஸாகக் கருதப்படும் 'பிரெயின்', 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரச் சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. அன்று நெகிழ்தட்டு செய்த பரப்பும் வேலையை இன்று பென்டிரைவும் இணையமும் செய்கின்றன.

சோதனை நிரல் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துச் செல்கின்றது. வாசிக்கவியலாத பழுதுற்ற இடம் குறுக்கிட்டால், வன்தட்டு அதனைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயலும். சோதனையோ அசையாது நிற்கும். எனவே, எப்பொழுதும் ஒரே கோப்பில் சோதனை நிற்குமாயின் ஐயம் தட்டின்மேல் விழவேண்டும். சுருக்கப்பட்ட பெருங்கோப்பாயின் சற்றுப் பொறுத்துப் பார்த்தல் தகும். மாறாக, சோதனை நிரல் திறக்க மறுத்தாலோ திறந்தவுடன் மூடிக்கொண்டாலோ, வைரஸே அதனைத் தடுக்கின்றது எனக் கொள்ள இடமுண்டு. இரண்டு காவல் நிரல்கள் ஒருங்கே இயங்கி ஒன்றையொன்று மறிப்பதும், தட்டில் வெற்றிடம் இன்மையும் ஏனைய காரணங்களாம்.

மின்தடையும் ஒரு பகை. தட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், கோப்புகளின் அட்டவணை ஒன்று கூற, தட்டில் உள்ளது வேறொன்றாய் இருக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அந்நிலை நீங்கியதாயினும், மாரிக்காலத்து இடிமின்னல் மின்தடையைக் கொணரவே செய்யும்.

பரிகாரத்தில் வரிசையே முதன்மையானது. முதலில், படங்களையும் பத்திரங்களையும் வேறொரு தட்டிற் பிரதி செய்தல் வேண்டும். நிரல்களைப் பிரதி செய்யலாகாது. அவற்றோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும். இரண்டாவதாக, விண்டோஸிலுள்ள 'செக்டிஸ்க்' கருவியால் தட்டைப் பரிசோதித்தல். இதனை முதலிற் செய்தல் ஆபத்தானது. நலிந்த தட்டு மணிக்கணக்கான அவ்வுழைப்பிலேயே செயலிழந்துபோகலாம். மூன்றாவதாக, 'டிபெண்டர்' நிரலின் 'ஓப்லைன்' சோதனை. கணினி மீளத் தொடங்கி, விண்டோஸ் முழுமையாக இயங்குமுன்னரே இது நடைபெறுவதால், வைரஸ் ஒளிந்துகொள்ளவோ தடுக்கவோ வழி குறைவு. இதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் செல்லும். பிரதி செய்த கோப்புகளையும் திறக்குமுன் சோதித்தல் வேண்டும்.

பழுதுற்ற இடங்கள் பெருகிக்கொண்டே போனால் தட்டை மாற்றுவதே வழி. சுழலும் தட்டிற் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் 'டிபிராக்' பணி, சுழலாத எஸ்.எஸ்.டி. வகைக்கு வேண்டுவதன்று.

வன்தட்டு எவ்வகையினதாயினும் ஒரு நாள் ஓயும். அந்நாள் வருமுன் மற்றொரு பிரதி மற்றொரு வீட்டில் இருக்குமாயின், ஒருமுறை இழந்து மீட்டவற்றை மறுமுறை இழக்க நேராது.