ஆட்காட்டி முட்டையிடும் இடம்

இந்த ஆண்டு மழை எப்படி என்று அறிய ஆட்காட்டிக் குருவியின் முட்டையைத் தேடிப் பார்ப்பது ராஜஸ்தான், குஜராத் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். மேட்டில் இட்டிருந்தால் நல்ல மழை. வறண்ட ஓடைக்குள்ளேயே இட்டுவிட்டால் மழை தள்ளிப்போகும் என்பது மாளவத்து பில் பழங்குடியினரின் கணக்கு. பறவைக்கு ஜோசியம் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த முட்டையைக் கண்டுபிடித்தார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

ஏனென்றால் கூடு என்று அங்கே ஒன்றும் இருக்காது. வெட்டவெளித் தரையில் ஆழமில்லாத ஒரு குழி, ஓரத்தில் கூழாங்கற்கள், சில சமயம் ஆட்டுப் புழுக்கை. உள்ளே பெரும்பாலும் 4 முட்டைகள், மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு. கூர்முனைகள் நடுவில் சேர்ந்திருப்பதால் நான்கும் வயிற்றடியில் அடங்கிவிடும். மிதிக்கப் போகும்போதுதான் கண்ணில் படும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முக்கியமான முட்டைக் காலம். நிழலில்லாத இடத்தில் சித்திரை வெயில் முட்டையை வேகவைத்துவிடும். அதனால் பக்கத்துக் குட்டையில் வயிற்று இறகை நனைத்துவந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். ஆணும் பெண்ணுமாக மாறி மாறிச் சுமார் 4 வாரம் இந்தக் காவல். நாயோ மனிதனோ நெருங்கினால் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தி ஊரைக் கூட்டும். வேட்டைக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது.

வானம் இடிந்து விழுமோ என்று பயந்து, காலைத் தூக்கி மல்லாந்து தூங்கும் பறவை என்றும் இதற்குப் பெயர். பஞ்சதந்திரத்திலேயே இந்தக் கேலி இருக்கிறது. முட்டைகளை அடித்துப்போன கடலோடு மல்லுக்கு நின்று, கருடன்வரை வழக்கைக் கொண்டுபோய் மீட்பதும் அதே கதையில் இதே பறவைதான். உண்மையில் இது மல்லாந்து தூங்குவதில்லை. பின்விரல் மிகச் சிறியது, கிளையைப் பற்ற உதவாது. எனவே இரவும் தரையில்தான்.

இரும்பைப் பொன்னாக்கும் பாரஸ் கல்லைக் கொண்டுவந்து முட்டையை உடைக்கும் என்றொரு வடநாட்டு நம்பிக்கையும் உண்டு. குஞ்சு தன் அலகு நுனியிலுள்ள சிறு முளையாலேயே ஓட்டை உடைத்துக்கொள்கிறது, கல் தேவையில்லை.

இப்போது ரயில் பாதைச் சரளையிலும் மொட்டை மாடியிலும் முட்டையிடுகிறது. மாடியில் ஒரு சிக்கல். பெற்றோர் இரை ஊட்டுவதில்லை, முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு தானே பூச்சி பொறுக்க வேண்டும். சிமெண்டுத் தளத்தில் பூச்சி ஏது? பறக்கத் தெரியாத குஞ்சு எப்படியாவது கீழே இறங்கியாக வேண்டும்.